உள்பக்கம் அடித்த நீலம்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், வண்டிக்குப் பெயிண்ட் அடித்தேன் என்பேன். எந்த கேரேஜ் என்று அடுத்த கேள்வி வரும். கேரேஜ் இல்லை, வண்டியே என் முழங்கை நீளம்தான் என்றால், "ஓ, பொம்மையா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். பொம்மை இல்லை. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார். நேர்ப்பாதை கிடைத்தால் ரிங் ரோட்டில் போகும் பைக்கைப் பிடித்துவிடும். அதன் மேல்கூட்டை நாங்கள் பாடி என்போம். இருபது வருடம் நான் பாடிகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். பெங்களூரில் இந்த விளையாட்டில் இருப்பவர்கள் தூரத்தில் ஓடும் வண்டியைப் பார்த்தே "இது விமலாக்கா கை" என்று சொல்வார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

போன வருடம் வேலையிலிருந்து நின்றேன். இப்போது பெயிண்ட் அறையைப் பார்த்துக்கொள்ளும் பிரேமா, "அக்கா, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க, செவுத்துல ஒட்டிக்கிறோம்" என்றாள். எழுதினேன். செய்முறை ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அடங்காதது கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வீடு ஜீவனஹள்ளி. முதலில் சிவாஜிநகரில் ஒரு கடையில் பதினோரு வருடம் கண்ணாடிப் பலகை எழுதினேன். டாக்டர், வக்கீல், டியூஷன் சென்டர் எல்லாருக்கும். கண்ணாடியின் பின்பக்கத்தில் எழுதினால்தான் முன்பக்கம் மழையிலும் வெயிலிலும் எழுத்து நிற்கும். அதனால் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், உருது நான்கையும் அப்படித் திருப்பி எழுதுவேன். ஒருநாள் பலகைக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஒருவர் உட்காரச் சொல்லியும் உட்காராமல் என் பின்னால் நின்று முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உல்ட்டா பரியோது எல்லி கல்த்ரி?" என்று கன்னடத்தில் கேட்டார். இப்படித் திருப்பி எழுத எங்கே கற்றீர்கள் என்று.

"இங்கயேதான் சார். வேற எங்க?" என்றேன்.

அவர்தான் ராவ் சார். விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்ஸ் டவுனில் இந்த ரிமோட் கார்களுக்கென்று ஒரு கடை வைத்திருந்தார். அடுத்த மாதம் நான் அவருடைய கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன்.

பந்தய பாடி எங்களிடம் வரும்போது தண்ணீர் பாட்டில் மாதிரி கண்ணாடியாக இருக்கும். பாலிகார்பனேட். வளையும், உடையாது. அதன் வெளிப்பக்கத்தில் மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும். பெயிண்டை வெளிப்பக்கம் அடிக்கக் கூடாது. முதல் உரசலிலேயே போய்விடும். உள்பக்கம்தான் அடிக்க வேண்டும். அப்போது அடிபடுவது பிளாஸ்டிக், பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உள்பக்கம் என்றால் எல்லாமே தலைகீழ். சுவருக்கு அடிக்கும்போது கடைசியாக அடித்ததுதான் கண்ணுக்குத் தெரியும். இங்கே முதலில் அடித்ததுதான் தெரியும். கோடு, எண், எழுத்து எல்லாம் முதலில், அதுவும் திருப்பி. பின்னணி கடைசியில். அடர்ந்த நிறம் முன்னால், வெளிர் நிறம் பின்னால். மாற்றிச் செய்தால் மஞ்சளுக்குப் பின்னால் கறுப்பு போய் உட்கார்ந்து மஞ்சளை அழுக்காக்கிவிடும்.

எல்லாம் முடிந்து வெளி ஃபிலிமை உரிக்கும்வரை என்ன செய்திருக்கிறோம் என்று நமக்கே சரியாகத் தெரியாது. உரித்ததும் ஈரம் காயாத மாதிரி ஒரு பளபளப்பு வரும். இருபது வருடத்தில் அந்த நிமிடம் எனக்கு ஒரு தடவைகூட அலுக்கவில்லை.

ராவ் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் கடையின் முன் ஜன்னலில் வெயில் நேராக விழும். அந்த நேரத்தில்தான் பாடிகளைப் பார்ப்பார். சக்கர வளைவு இரண்டையும் விரல் நுனியால் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கி, மெதுவாகத் திருப்புவார். சரியாக இருந்தால் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் உள்ளே எழுதுவார். அவ்வளவுதான் பாராட்டு. சரியில்லை என்றால் என் மேசைமேல் பாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். திரும்பி வந்து ஒரே வாக்கியம்: "இன்னொந்து சல நோடி, விமலம்மா." இன்னொரு தடவை பாருங்கள். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நானேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் ஊரில் இல்லாதபோது ஒரு பாடிக்கு மரூன் நிறம் கேட்டார்கள். பாலிகார்பனேட் பெயிண்டில் அந்த நிறம் இல்லை. பலகைக்கு அடிக்கும் எனாமலைத் தின்னரில் கலந்து அடித்துக் கொடுத்தேன். என்ன அழகு! நானே போய்ப் பந்தயத்தையும் பார்த்தேன். வண்டி தடுப்பில் லேசாக உரசியது. பெயிண்ட் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. தின்னர் அரித்த இடத்தில் பாடி இரண்டாகப் பிளந்தது. அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த ராவ் சார் பந்தயம் முடிந்ததும் டிராக்கில் மண்டியிட்டு அந்தச் செதில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திங்கட்கிழமை என் மேசைமேல் ஒரு கவர் இருந்தது. உள்ளே மரூன் செதில்கள். நான் அந்த கவரை நகர்த்தவில்லை. ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தேன், காணோம். அவரே எடுத்துவிட்டிருந்தார். அன்றைக்குத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாடி. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

கதிரேசன் என்று ஒருவர். சொந்த ஊர் ஜோலார்பேட்டை. இங்கே ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை, வீடு சந்தாபுராவில். முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கின் பின்னால் வண்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து வருவார். வளைவுகளில் அவர் வண்டி கோடு போட்ட மாதிரிப் போகும். அப்படி ஓட்டுகிறவர், கூட்டமாக வண்டிகள் சேர்ந்துவிட்டால் திடீரென்று நேரே போய்த் தடுப்பில் முட்டுவார். தூங்கிட்டாருப்பா என்று பையன்கள் சிரிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் கடைக்கு வந்து, நான் அடித்துக் கொடுத்த பாடியை என் மேசைமேல் வைத்தார். ஆரஞ்சு கலந்த சிவப்பு. நான் பெருமைப்பட்ட பாடி அது.

"மேடம், உங்க பெயிண்ட் சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சரியில்ல? உரிஞ்சுதா?"

"உரியல. தெரிய மாட்டேங்குது. கூட்டத்துல என் வண்டி எதுன்னே புரியல. போன வாரம் ரெண்டு சுத்து வேற ஒருத்தர் வண்டியப் பாத்துக்கிட்டே ரிமோட்டத் திருப்புறேன். என் வண்டி அது பாட்டுக்குப் போய் மோதிடுச்சு."

"யார் வண்டியப் பாத்தீங்க?"

"அதான், அந்த டாக்டர் வண்டி."

டாக்டர் வண்டிக்கும் நான்தான் அடித்தேன். அது கிளிப்பச்சை. சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் முகம் விளையாட்டாக இல்லை. அடக்கிக்கொண்டேன்.

வெட்டி எறியும் துண்டுகளில் எல்லா நிறத்தையும் அடித்து, ஒரு கம்பி வளையத்தில் கோத்து ஜன்னலோரம் தொங்கவிட்டிருப்பேன். அதை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "இதுல உங்க வண்டி கலர் எது, எடுங்க பாக்கலாம்."

வெகுநேரம் பார்த்தார். பாசிப் பச்சையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். அதை விட்டுவிட்டுப் பழுப்பை எடுத்தார்.

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"எப்போலேர்ந்து தம்பி?"

"பொறந்ததுலேர்ந்தே இருக்கும்போல." தலை நிமிராமல் பேசினார். "ரயில்வே வேலைக்கு மெடிக்கல் போனப்பதான் எனக்கே தெரியும். புள்ளி புள்ளியா ஒரு புக்கு காட்டுனாங்க. பக்கத்துல நின்னவன்லாம் அதுல இருக்கிற நம்பரப் படிக்கிறான். எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது. லோகோ பைலட் வேலை. அதோட முடிஞ்சுது."

"வீட்ல?"

"யாருக்கும் தெரியாது. ராவ் சார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அக்கா."

வரும்போது மேடம் என்றவர். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெயிண்ட் சரியில்லை என்று அவர் சொன்னதும் உண்மைதான் என்று அப்போது புரிந்தது. பாடிக்கு நிறம் கொடுப்பது அழகுக்காக என்று அத்தனை வருடமாக நினைத்திருந்தேன். பத்து வண்டிகளுக்கு நடுவே, முப்பது மீட்டர் தள்ளி, தன் வண்டியை ஒருவன் கண்டுபிடிக்கத்தான் அது இருக்கிறது. இவருக்கு என் பெயிண்ட் அதைச் செய்யவில்லை.

க்ளப்பின் வருடக் கடைசிப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மஞ்சள் அடித்தால் போயிற்று என்று முதலில் நினைத்தேன். நல்லவேளை, அடித்துவிட்டு நினைக்காமல், சோதித்துவிட்டு அடிப்போம் என்று தோன்றியது. வீணாய்ப்போன ஏழு பாடிகளுக்கு ஏழு விதமாக அடித்தேன். டிராக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ராவ் சாரிடம் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். கதிரேசன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

டிராக் ஹொஸ்கோட்டை போகும் வழியில் இருந்தது. தார்த் தரை. ஓட்டுகிறவர்கள் நிற்க ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு மேடை. கதிரேசன் மேடையில் ஏறி நின்றார். நான் சொல்லச் சொல்ல ராவ் சார் பாடிகளைத் தரையில் மாற்றி மாற்றி வைத்தார்.

"உங்க வண்டி மஞ்சள். எங்க இருக்குது?" என்று கத்தினேன்.

கதிரேசன் கை நீட்டி ஆரஞ்சைக் காட்டினார். மறுபடி கேட்டேன். கிளிப்பச்சையைக் காட்டினார். டிராக்கில் எல்லாரும் ஆசைப்பட்டு அடிக்கும் பளிச் நிறங்கள் மூன்றும் அவருக்கு ஒரே நிறம். மைநீலத்தை வைத்தோம். உடனே சொன்னார். அதைத் தைல மரத்தின் நிழலுக்குள் ராவ் சார் நகர்த்தினார். "போச்சுக்கா, காணோம்" என்றார் கதிரேசன். வெள்ளையை எங்கே வைத்தாலும் கண்டுபிடித்தார். ஆனால் மூக்கு எந்தப் பக்கம் என்று கேட்டபோது தப்பாகச் சொன்னார். வண்டி நம்மைப் பார்த்து வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியாவிட்டால் ரிமோட்டை எந்தப் பக்கம் திருப்புவது?

நானும் மேடையில் ஏறினேன். செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன். அதில் ஆரஞ்சும் பச்சையும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. அப்போதுதான் பிடிபட்டது. நிறத்தை மறந்துவிட வேண்டும். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதை மட்டும் வைத்து வண்டியை வரைய வேண்டும். அதற்கு மேல்தான் நிறம். மூக்கும் பானெட்டும் வெள்ளை. மற்றது நீலம், மைநீலத்தைவிடக் கொஞ்சம் வெளிறியது. கூரையில் இடது பக்கம் தள்ளி ஒரு அகலமான மஞ்சள் பட்டை. நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தால் அவர் கண் தவறவே இல்லை.

திரும்பிப் பார்த்தால் ராவ் சார் வேனில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசிப் பந்தயத்துக்கு எடை குறைந்த பாடிதான் போட வேண்டும். கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்த பார்சல் பந்தயத்துக்கு அப்புறம்தான் வரும். பெயிண்டுக்குப் பத்து கிராமுக்குமேல் போகக் கூடாது என்று ராவ் சார் சொல்லிவிட்டார்.

பாத்திரம் கழுவும் சோப்பில் உள்ளே கழுவி, துணி படாமல் காயவைத்தேன். ஜன்னல்களை மறைத்து ஒட்டினேன். பிறகு ரப்பர் பால் மாதிரி ஒரு திரவத்தை உள்ளே நான்கு தடவை பூசி, காய்ந்து தோல் மாதிரி ஆனதும், கோடுகளைக் கத்தியால் வெட்ட வேண்டும். கத்தியை அழுத்தக் கூடாது. கத்தியின் எடைக்கே தோல் வெட்டுப்படும். அழுத்தினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் பின்னால் விரிசல் வரும்.

வலது சக்கர வளைவின்மேல் அழுத்திவிட்டேன். நகத்தால் தடவினேன். தட்டுப்பட்டது. அரிசி நீளம் ஒரு கீறல்.

மேலே நீலம் அடித்தால் யாருக்கும் தெரியாது. ராவ் சாருக்குக்கூட. அதையும் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது. பத்து நிமிடம் அந்த பாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். "நான்தான் சார் அழுத்திட்டேன்."

ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். கவுண்டர்மேல் கவிழ்த்து வைத்தார். கை கழுவப் போனார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்து, "இன்னொந்து சல நோடி, விமலம்மா. ஸ்வல்ப யோசனே மாடி" என்றார், கொஞ்சம் யோசியுங்கள் என்று. மறுபடி பார்த்தேன். கீறல் விளிம்பைத் தொடவில்லை. அடியில் வலைத்துணித் துண்டு ஒன்றைப் பசையில் ஒட்டினால் நிற்கும். ஆனால் அதுவே இரண்டு கிராம்.

அப்படியானால் பெயிண்டுக்கு எட்டுதான். நீலத்தை மூச்சு விடுகிற மாதிரி அடித்தேன். ஒரு பூச்சு, ஹேர் டிரையரில் காயவைத்து, தராசில் வைத்து, அடுத்த பூச்சு. பிறகு மஞ்சள். எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை. வெள்ளைதான் எடையைத் தின்னும், ஆனால் அது குறைந்தால் மூக்கு மங்கும். மூக்குக்குக் கூட்டி, பின்பக்கம் குறைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. வலைத்துணியோடு சேர்த்து ஒன்பதே முக்கால் கிராம்.

ராவ் சார் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடையைப் பென்சிலால் எழுதினார். பிறகு, அத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டார். "ஃபிலிம் நானு தெகீலா?" நான் உரிக்கட்டுமா?

"உரிங்க சார்" என்றேன்.

பந்தயத்தன்று கதிரேசனின் அப்பா வந்திருந்தார். ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், வாப்பா என்று கூப்பிட்டதால் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. வேலியோரம் என் பக்கத்தில் நின்றார். "இதுக்கெல்லாம் இவ்ளோ பேரு வராங்களா?" என்று கேட்டார்.

பத்து வண்டிகள் கிளம்பின. முதல் சுற்றிலேயே இறுக்கமான வளைவில் ஐந்து வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக் குவிந்தன. வழக்கமாகக் கதிரேசன் தொலைந்துபோகும் இடம். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குவியலிலிருந்து வெள்ளை மூக்கு வெளியே வந்தது. தன் கோட்டைப் பிடித்தது. போனது. தைல மர நிழலுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, அதே கோட்டில் போனது. ஆறு நிமிடம். பின்னாலிருந்து ஒருவர் பலமாக இடித்தார். ஒரு செதில் உதிரவில்லை. டாக்டர் முதலில் வந்தார். கதிரேசன் இரண்டாவது. ஒரு தடவைகூடத் தடுப்பைத் தொடவில்லை.

எல்லாம் முடிந்து, வண்டிகளைக் கழற்றிப் பூட்டும் மேசைக்கு வந்தோம். அப்பா வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, எல்லாரும் செவப்பு, பச்சைன்னு ஜம்முனு அடிச்சிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன, ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி நீலமும் வெள்ளையும்?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்குள் கதிரேசன் பேசிவிட்டார்.

"எனக்கு இதுதாம்பா தெரியும். செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் எனக்கு."

முப்பது வருடத்துக்கு மேல் சிக்னலைப் பார்த்தே வாழ்ந்த மனிதர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வண்டியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அப்ப அந்த ரயில்வே பரீட்சை?"

"பாஸ்தாம்பா. மெடிக்கல்லதான் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஃபெயிலுன்னு சொன்னியேடா."

"ஆமா. பரீட்சைன்னா திரும்ப எழுதலாம்னு உங்களுக்கு ஒரு நம்பிக்கையாவது இருக்கும். கண்ணுன்னு சொன்னா..."

மகன் படிக்கவில்லை, ஊர் சுற்றிப் பரீட்சையைக் கெடுத்துக்கொண்டான் என்று பன்னிரண்டு வருடமாக அந்தப் பெரியவர் நினைத்திருக்கிறார். இருவருக்கும் நடுவே பேச்சு குறைந்து போயிருந்தது என்று கதிரேசன் பிறகு சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேசையில் இருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"மார்க் எவ்ளோ?"

கதிரேசன் சொன்னார். பெரியவர் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பக்கத்திலேயே நின்ற எனக்கு, என் காதில் விழாதது மாதிரி, மறுபடி சொன்னார். ராவ் சார் அந்தப் பக்கம் வந்தார். "சார், என் பையன் ரயில்வே பரீட்சையில எடுத்த மார்க் சார்" என்று அவரிடமும் சொன்னார். ராவ் சார் ஒன்றும் புரியாமல், ஆனால் மிகவும் மரியாதையாக, "ஹௌதா? தும்ப சந்தோஷ" என்றார், அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்று.

அடுத்த வருடத்திலிருந்து டாக்டர் உட்பட ஆறேழு பேர் மூக்கை வேறாகப் பிரித்து அடிக்கச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். கண் நன்றாக இருப்பவர்களுக்கும் அது உதவுகிறதாம். கேட்டவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்தேன். யாருக்காக முதலில் அடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. இப்போது கதிரேசனே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எழுதிக்கோங்க அக்கா என்றார், அதனால் எழுதுகிறேன்.

அந்த க்ளப்பில் ஓட்டுகிறவர்களுக்குக் கோப்பை உண்டு, பெயிண்டுக்குப் பரிசு கிடையாது. அன்று கிளம்பும்போது பெரியவர் செல்போனை ராவ் சார் கையில் கொடுத்து, படம் எடுக்கச் சொன்னார். அவரும் மகனும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒதுங்கிப் போனேன்.

"எங்கம்மா போறீங்க? பெயிண்ட் அடிச்சவங்க நடுவுல வந்து நில்லுங்க" என்றார்.

போய் நடுவில் நின்றேன்.